டம்ப் ட்ரெயிலர் இழுக்கப் பழைய ட்ரக்: எந்த வேலைக்காகக் கட்டிய வண்டி என்று முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தம்பி சில ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் வண்டியில் 401 நெடுஞ்சாலையில் மூடிய ட்ரெயிலர் இழுத்து வருகிறார். இனிச் சொந்த வண்டி வாங்கி, ஓர் ஒப்பந்தக்காரரின் டம்ப் ட்ரெயிலரை (பெட்டியைத் தூக்கிச் சுமையைக் கொட்டும் ட்ரெயிலர்) கொளுவி, மண்ணும் சரளைக்கல்லும் ஏற்ற நினைக்கிறார். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது 2019ஆம் ஆண்டு வண்டி. படுக்கை உள்ளது, 13 லீட்டர் எஞ்சின், பன்னிரண்டு கியர் தானியங்கிப் பெட்டி, அமெரிக்காவின் பெரிய நிறுவனமொன்றிலிருந்து வந்தது, விலை 48,000 டாலர். இரண்டாவது 2014ஆம் ஆண்டு வண்டி. படுக்கை இல்லாத டே-கேப், 15 லீட்டர் கம்மின்ஸ், பதினெட்டு கியர், ட்ரெயிலரைத் தூக்கும் ஹைட்ரோலிக் தொகுதி ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது, ஒன்ராறியோவிலேயே ஓடியது, விலை 62,000 டாலர். "புதியதும் மலிவானதுமான முதல் வண்டியை விட்டு, ஐந்து வயது கூடிய வண்டிக்கு ஏன் 14,000 டாலர் அதிகம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நன்றாக இருந்தால் இரண்டாவதை வாங்குங்கள். சேசிஸ் கறள் பிடித்திருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள். முதல் வண்டி கெட்ட வண்டி அல்ல. நீங்கள் இப்போது செய்யும் வேலைக்கு அது மிக நல்ல வண்டி. நீங்கள் செய்யப்போகும் வேலைக்குத்தான் அது பொருந்தாது. அதனால்தான் அது மலிவாகவும் கிடைக்கிறது.

அமெரிக்காவின் பெருநெடுஞ்சாலைகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் ஓடும் வண்டிக்கு மொத்த எடை வரம்பு 80,000 இறாத்தல், அதாவது 36,287 கிலோ. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் இந்த எடைக்கும் தட்டையான நீண்ட சாலைக்கும் டீசல் சிக்கனத்துக்கும் ஏற்றபடி ஆயிரக்கணக்கில் வண்டிகளைச் செய்வித்து வாங்குகின்றன. நான்கைந்து ஆண்டுகளில் கூட்டமாக விற்கின்றன. அவை எல்லை கடந்து இங்கே வரும்போது வெளிப்பூச்சு பளபளப்பாகவும் விலை மலிவாகவும் இருக்கும். ஆனால் ஒன்ராறியோவின் எடைக் கணக்கு வேறு. அச்சுகள் கூடக்கூட அனுமதிக்கப்படும் எடையும் கூடி, உச்சவரம்பு 63,500 கிலோவரை போகிறது. மூன்று அல்லது நான்கு அச்சு டம்ப் ட்ரெயிலரை முழுச்சுமையோடு இழுக்கும் வண்டி, அந்த அமெரிக்க வண்டி தன் வாழ்நாளில் ஒருநாளும் இழுக்காத எடையைத் தினமும் இழுக்க வேண்டும். அதுவும் தார்ச்சாலையில் மட்டுமல்ல.

ஆகவே எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள். அதன் வின் இலக்கத்தை (வண்டியின் அடையாள எண்) கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் முகவரிடம் கொடுத்து, வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படிக் கட்டப்பட்டு வந்தது என்ற முழுப் பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலான முகவர்கள் தருவார்கள். முன் அச்சின் தாங்கும் எடை, பின் அச்சுகளின் தாங்கும் எடை, டிஃபரன்ஷியல் விகிதம் (சில்லு ஒருமுறை சுற்றக் கியர்ப்பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது), சேசிஸ் ஒற்றையா இரட்டையா, பின் அச்சுகளில் பூட்டு (வழுக்கும் இடத்தில் சில்லுகளைச் சேர்த்துச் சுழலவைப்பது) இருக்கிறதா என்ற ஐந்து வரிகளைத் தேடிப் படியுங்கள். நெடுஞ்சாலை வண்டியில் முன் அச்சு 12,000 இறாத்தல், பின் அச்சுகள் சேர்ந்து 40,000 இறாத்தல் என்று இருக்கும். டம்ப் வேலைக்குக் கட்டிய வண்டியில் முன்னுக்கு 14,600 அல்லது அதற்கு மேல், பின்னுக்கு 46,000 என்று இருக்கும். ஆறாயிரம் இறாத்தல் வித்தியாசம் காகிதத்தில் சிறியதாகத் தெரியும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள், அச்சுத்தண்டுகள், அச்சுக்கூடு எல்லாமே தடிப்பானவை என்பதுதான் அதன் பொருள்.

விகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் வண்டியின் பட்டியலை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். அதில் டிஃபரன்ஷியல் 2.64. அந்தவகைத் தானியங்கிப் பெட்டியின் முதல் கியர் ஏறத்தாழ 14.9. இரண்டையும் பெருக்கினால் 39 வரும். இரண்டாவது வண்டியில் டிஃபரன்ஷியல் 3.91, பதினெட்டு கியர் ஈட்டன் பெட்டியின் மிகத் தாழ்ந்த கியர் 14.4. பெருக்கினால் 56. எஞ்சின் தரும் முறுக்குவிசை இத்தனை மடங்காகப் பெருகித்தான் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. நின்ற இடத்திலிருந்து சுமையைக் கிளப்பும்போது, ஒரே அளவு எஞ்சின் விசைக்கு, இரண்டாவது வண்டி நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தள்ளும்.

இந்த எண்ணிக்கை எங்கே உயிர்பெறுகிறது என்றால், புதிதாக வீடுகள் கட்டும் நிலத்தில், முந்தின நாள் மழை பெய்த காலையில். வாசலில் கொட்டிய கற்களைத் தாண்டினால் உள்ளே களிமண். எக்ஸ்கவேட்டர் சுமையை நிரப்பி ஹோர்ன் அடித்துவிடும். முன்னால் ஒரு சிறு ஏற்றம், பின்னால் நான்கு வண்டிகள் வரிசையில். தாழ்ந்த கியர் உள்ள வண்டி கிளட்சை முழுவதும் விட்டபின் நடைவேகத்தில் ஊர்ந்து ஏறிவிடும். 2.64 விகிதம் உள்ள தானியங்கி வண்டியோ கிளட்சைப் பாதியில் பிடித்துப் பிடித்துத்தான் ஏற வேண்டும். கிளட்ச் சூடேறியதாகத் திரையில் எச்சரிக்கை வரும், கருகிய வாடை கேபினுக்குள் வரும், பிறகு கிளட்ச் தானே விலகி வண்டி நின்றுவிடும். புல்டோசர் வந்து இழுக்கும். ஒப்பந்தக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தார்க்கலவை ஏற்றிப் போய், அதைச் சாலையில் விரிக்கும் பேவர் இயந்திரத்துக்குப் பின்முகமாகக் கொடுக்கும் வேலையிலும் இதே கதைதான். அங்கே இயந்திரத்தின் வேகத்துக்கு ஏற்ப அங்குலம் அங்குலமாக ஊர வேண்டும்.

"அப்படியென்றால் நெடுஞ்சாலையில் டீசல் குடிக்குமே" என்பீர்கள். 3.91 விகிதத்தோடு பதினெட்டாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,480 சுற்றில் இருக்கும். நெடுந்தூர வண்டியைவிடக் கூடுதல்தான், ஆனால் டம்ப் வேலையில் நாள் முழுவதும் 100இல் ஓடுவதில்லை. கலிடனிலிருந்தோ மில்ற்றனிலிருந்தோ சரளை ஏற்றி நகருக்குள் வந்து, சிக்னல் சிக்னலாக நின்று, கொட்டிவிட்டுத் திரும்பும் வேலை இது.

முதல் வண்டியை வாங்கி மாற்றியமைக்கலாமே என்ற எண்ணம் வரும். இரண்டு பின் அச்சுகளின் உட்பாகங்களையும் மாற்றி, கணினியைப் புதிய விகிதத்துக்குத் திருத்தி, ஹைட்ரோலிக் தொகுதியைப் பூட்டி முடிக்கும்போது விலை வித்தியாசம் முழுவதும் போய்விடும். அதன்பிறகும் சேசிஸ் ஒற்றைதான், அச்சுக்கூடு 40,000 இறாத்தல்தான். படுக்கை அறையின் எடையும் கூடவே வரும். சரளைக்குத் தொன் கணக்கில் கூலி தரும் வேலைகளில், வண்டியின் வெற்று எடையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றும் சுமையில் குறைகிறது. இரவில் வீட்டுக்கு வந்து தூங்கப்போகிறவர் ஒரு கட்டிலை ஆண்டு முழுவதும் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

இனி இரண்டாவது வண்டி. அது ஒன்ராறியோவில் ஓடியது என்பதைக் கேட்டதும் எனக்கு வரும் முதல் கவலை கறள். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், உப்புக் கரைசலைத் தெளிக்கிறார்கள். டம்ப் வேலைக்கு வேண்டிய இரட்டைச் சேசிஸ் என்பது ஒரு உருக்குச் சட்டத்துக்குள் இன்னொரு சட்டம் பொருந்தியிருப்பது. வலிமை அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் உப்புநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. உள்ளே கறள் படலம் படலமாக வளரும். கறள் உருக்கைவிட அதிக இடம் பிடிப்பதால் இரண்டு சட்டங்களையும் பிரித்துத் தள்ளும். போல்ட்டுகள் இழுபட்டு முறியும். வெளியே புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது.

பழைய உடுப்பு போட்டுக்கொண்டு, கையில் நல்ல டார்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு போங்கள். பின் அச்சுகளுக்கு மேலே, சில்லுகளுக்கு நடுவில் படுத்து, சட்டத்தின் கீழ் விளிம்பை ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விளிம்பு நேர்கோடாகப் போக வேண்டும். போல்ட்டுக்குப் போல்ட் நடுவில் அலைபோல உப்பியிருந்தால், இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஒரு சாவி நுழையுமளவு இடைவெளி தெரிந்தால், வேறெதையும் பார்க்க வேண்டாம், எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குறுக்குச் சட்டங்கள் பொருந்தும் மூலைகளைச் சுத்தியலால் தட்டுங்கள். திடமான உருக்கு மணிபோல ஒலிக்கும், கறள் தின்ற இடம் மந்தமாகச் சத்தம் தந்து செதில் உதிர்க்கும். ட்ரெயிலரைக் கொளுவும் ஃபிஃப்த் வீல் தட்டைப் பூட்டிய இடத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸின் மேல் கீழ் விளிம்புகளில் வெல்டிங் செய்த தடம் இருந்தால், யார் என்ன விளக்கம் சொன்னாலும் ஏற்க வேண்டாம். அது வெப்பப் பதமிட்ட உருக்கு. விளிம்பில் வெல்டிங் செய்யக் கூடாது, துளையிடவும் கூடாது என்று வண்டி செய்த நிறுவனங்களே எழுதிவைத்திருக்கின்றன. எஞ்சினைத் திருத்தலாம், கியர்ப்பெட்டியை மாற்றலாம். உள்ளிருந்து அழுகிய சேசிஸை மாற்றும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

அடுத்து எஞ்சின். கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து வந்தது. டம்ப் வண்டிக்கு மணிக்கணக்குத்தான் உண்மையைச் சொல்லும். எஞ்சின் கணினியில் மொத்த மணி, நின்றபடி ஓடிய மணி, ஹைட்ரோலிக் பம்பை ஓட்டிய மணி, பழைய பிழைக்குறிகள் எல்லாம் பதிவாகியிருக்கும். கம்மின்ஸ் வேலை செய்யும் எந்தக் கராஜிலும் அதை இறக்கித் தாளில் எடுத்துத் தருவார்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த மணியால் வகுத்துப் பாருங்கள். 8 லட்சம் கிலோமீட்டரும் 14,000 மணியும் என்றால் சராசரி 57, பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடிய எஞ்சின். அதே 8 லட்சத்துக்கு 22,000 மணி என்றால் சராசரி 36, அது நின்று நின்று உழைத்த எஞ்சின். மீற்றர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எஞ்சின் ஒயிலைச் சிறு குப்பியில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். செலவு மிகக் குறைவு, சில நாள்களில் முடிவு வந்துவிடும். சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் குளிர்விக்கும் நீர் ஒயிலில் கலக்கிறது. சிலிக்கன் கூடியிருந்தால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசி உள்ளே போயிருக்கிறது, குவாரியில் ஓடிய வண்டியில் இதை எதிர்பார்த்தே தேட வேண்டும். டீசல் கலந்திருந்தால் டீசல் தெளிக்கும் ஊசிகளிலோ பம்பிலோ கோளாறு. விற்பவர் முந்தின நாள்தான் ஒயில் மாற்றினேன் என்றால் இந்தச் சோதனை பயனில்லை, ஏன் நேற்று மாற்றினார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயிலேயே வைத்துப் பாருங்கள். லேசாக அதிர்ந்தபடி இருந்தால் பரவாயில்லை. உள்ளிருந்து வரும் புகை அதைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க இன்று 30,000 டாலருக்குக் குறையாமல் ஆகும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், அல்லது பேசாமல் விடுங்கள்.

2007க்குப் பின் வந்த எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. 2010க்குப் பின் அதோடு யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. இவை நெடுஞ்சாலையில் அமைதியாக வேலை செய்யும், டம்ப் வேலையில்தான் தொல்லை கொடுக்கும். காரணம் எளியது: வடிகட்டியில் சேரும் கரி எரிய வேண்டுமென்றால் வெளியேறும் புகை கடுஞ்சூடாக இருக்க வேண்டும். குறுந்தூரம் ஓடி, வரிசையில் நின்று, கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டியில் அந்தச் சூடு வருவதேயில்லை. அதனால் வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை உயர்சுற்றில் ஓடவிட்டு எரிக்கும்படி கணினி கேட்கும். வாங்கும்முன் உங்கள் கண்ணெதிரே ஒருமுறை அப்படி எரிக்கச் சொல்லுங்கள். விற்பவர் சாக்குச் சொன்னால் காரணம் இருக்கிறது. எவ்வளவு அடிக்கடி எரித்திருக்கிறது என்பது கணினிப் பதிவில் தெரியும். கரி எரிந்தாலும் சாம்பல் எரியாது, வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கடைசியாக எப்போது செய்தார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். வேலைக்குப் போனபின், காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தி இதை ஒருபோதும் செய்யாதீர்கள். புகைக்குழாயின் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

இந்த அமைப்புகளைக் கழற்றிவிட்ட வண்டிகளும் சந்தையில் உண்டு. "தொல்லையே இல்லை, டீசலும் மிச்சம்" என்று சொல்லி விற்பார்கள். அது சட்டவிரோதம். பழைய டீசல் வண்டிகளுக்கு ஒன்ராறியோவில் மாசுச் சோதனை இருக்கிறது; சாலையோரத்திலும் பிடிப்பார்கள். திரும்பப் பூட்டும் செலவு பெரியது, அது வாங்கியவர் தலையில்தான் விழும். வெளியே தெரியும் பெட்டிக்குள் உண்மையில் வடிகட்டி இருக்கிறதா என்று உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும்.

எஞ்சின் பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்டர்பில்லர் நெடுஞ்சாலை ட்ரக் எஞ்சின் செய்வதை 2010 அளவிலேயே விட்டுவிட்டது. அதன் சி15ஐப் போற்றும் பழையவர்கள் நிறையப் பேர், எஞ்சினும் அதற்குத் தகுதியானதுதான், ஆனால் இன்று அந்தப் பெயருக்காகவே விலை ஏற்றி விற்கிறார்கள். நாவிஸ்டார் நிறுவனத்தின் மேக்ஸ்ஃபோர்ஸ் 13, யூரியா இல்லாமலே 2010 விதிமுறையை எட்ட முயன்ற எஞ்சின். அது அமெரிக்காவில் பெரிய வழக்காகி, நிறுவனமே அந்த வழியைக் கைவிட்டது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நீங்கள் பார்த்திருக்கும் கம்மின்ஸ் 15 லீட்டர் எஞ்சினுக்கு ஒன்ராறியோவின் எந்த மூலையிலும் உதிரிப்பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைக்கும். அந்த ஆண்டு எஞ்சினில் எரிபொருள் உயரழுத்தப் பம்பை மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். 13 லீட்டர் எஞ்சினும் டம்ப் வேலைக்கு ஆகாதது அல்ல. மேக் கிரானிட் வண்டிகள் பல அதே அளவு எஞ்சினோடுதான் இங்கே நாள் முழுவதும் உழைக்கின்றன. அவற்றின் அச்சும் விகிதமும் வேலைக்கேற்றபடி இருக்கின்றன.

ஹைட்ரோலிக் தொகுதி ஏற்கெனவே இருப்பது நல்லது. ஆனால் அது வேலை செய்வதைப் பாருங்கள். கியர்ப்பெட்டியிலிருந்து விசை எடுக்கும் பி.டி.ஓ. சத்தமில்லாமல் சேருகிறதா, பம்பில் ஒயில் கசிகிறதா, சுமையோடு இருக்கும் ட்ரெயிலரைத் தயங்காமல் ஒரே சீராகத் தூக்குகிறதா என்று பாருங்கள். வெறும் ட்ரெயிலரைத் தூக்கிக் காட்டினால் அது சோதனையே அல்ல. தேய்ந்த பம்ப் குளிரில் தூக்கும், சூடேறியபின் பாதியில் நிற்கும். பி.டி.ஓ.வைச் சேர்த்தபடியே நெடுஞ்சாலையில் ஓட்டினால் சிறிது நேரத்திலேயே பம்ப் கருகிவிடும். கேபினில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். ஒப்பந்தக்காரரின் ட்ரெயிலருக்கு ஒரு குழாயா இரண்டு குழாயா, இணைப்பு எந்த அளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் குவாரி வாசலில் நின்றுகொண்டு இணைப்பு பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கக் கூடாது.

மூடிய ட்ரெயிலரிலிருந்து வருகிறவருக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியை மேலே தூக்கியபின் டம்ப் ட்ரெயிலர், நெடுஞ்சாலையில் நீங்கள் அறிந்த வண்டியே அல்ல. சுமை முழுவதும் பல மீற்றர் உயரத்தில் நிற்கிறது. நிலம் ஒரு பக்கம் சிறிது சாய்ந்தாலோ, ஈரக் களிமண் ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டிக்கொண்டாலோ, குளிரில் மண் உறைந்து மேல் பகுதியிலேயே தங்கிவிட்டாலோ ட்ரெயிலர் பக்கவாட்டில் சரியும், ட்ரக்கையும் இழுத்துக்கொண்டு சரியும். அதனால் வண்டி தேரும்போதே பின்பக்கத் தொங்கலை (சஸ்பென்ஷனை) பாருங்கள். காற்றுப்பை உள்ள வண்டி என்றால், தூக்கும்முன் காற்றை இறக்கிவிடும் சுவிட்ச் கேபினில் இருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கப் பை மட்டும் பழசாகி மெதுவாக இறங்கினால் அதுவே சாய்வைத் தொடக்கிவைக்கும். பெட்டி ஒட்டிக்கொண்டால் பிரேக்கை அடித்து உலுக்கிப் பார்க்கும் சாரதிகளைக் காண்பீர்கள். அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். இறக்கிவிட்டு, ஒப்பந்தக்காரரிடம் சொல்லி, இயந்திரத்தால் வழித்தெடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கிய பெட்டியோடு சாலையில் ஏறும் ஆபத்தும் கற்பனையல்ல. 2014 ஜூலை 31 அன்று பேர்லிங்டன் ஸ்கைவே பாலத்தில் ஒரு டம்ப் வண்டி உயர்ந்த பெட்டியோடு மோதி, கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலை நாள்கணக்கில் மூடப்பட்டது. அதன்பின் பெட்டி உயர்ந்திருந்தால் கேபினுக்குள் எச்சரிக்கும் கருவி ஒன்ராறியோவில் சட்டமானது. பார்க்கும் வண்டியில் அது வேலை செய்ய வேண்டும். கம்பியை வெட்டிவிட்டிருந்தால் அந்த வண்டியை வைத்திருந்தவர் வேறெதையெல்லாம் வெட்டியிருப்பார் என்று யோசியுங்கள்.

டயர், பிரேக், ஃபிஃப்த் வீல் தாடை, குளிரூட்டி எல்லாம் வழக்கம்போல. டயர்கள் தேய்ந்திருந்தால் பத்து டயரின் விலையைக் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். பின் அச்சுகளின் பூட்டு சுவிட்சை மண்தரையில் போட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தொடாமல் விட்டால் அது இறுகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ட்ரெயிலர் ஒப்பந்தக்காரருடையது என்கிறீர்கள். சாலையோரச் சோதனையில் அதன் பிரேக் பழுதாக இருந்தால், எடை கூடியிருந்தால், குற்றப்பதிவு யாருடைய சி.வி.ஓ.ஆர். கணக்கில் (வணிக வண்டி நடத்துவோருக்கான ஒன்ராறியோப் பதிவு) ஏறும்? உங்களுடைய பெயரில் ஓடினால் உங்களுடையதில்தான். குவாரியில் தராசு உண்டு, ஆனால் கட்டுமான நிலத்தில் எக்ஸ்கவேட்டர்காரர் அள்ளிப்போடும் ஈரமண்ணுக்குத் தராசு இல்லை. அச்சுகளில் எடைகாட்டும் கருவி இருந்தால் அது தன் விலையை ஒரே அபராதத்தில் மீட்டுத் தரும். மண் ஏற்றும்போது அது எங்கிருந்து எங்கே போகிறது என்ற தாளும் கையில் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் அகழ்ந்தெடுத்த மண்ணுக்கென்றே 406/19 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. "அங்கே கொண்டுபோய்க் கொட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் ஏற்றாதீர்கள்.

ஒப்பந்தக்காரரின் வாக்கை எழுத்தில் வாங்குங்கள். மணிக்கூலி என்றால் மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குவாரி வரிசையில் நிற்கும் நேரம் சேருமா, பணம் எத்தனை வாரத்தில் வரும் என்று தெளிவாகக் கேளுங்கள். வேலை செய்த பணம் வந்துசேரப் பல வாரமாகும், டீசலுக்கு மட்டும் அன்றன்றே கொடுக்க வேண்டும். வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்னரே காப்புறுதி முகவரிடம் விலை கேளுங்கள். நெடுஞ்சாலை அனுபவம் இருந்தாலும், புதிதாகத் தொழில் தொடங்கும் டம்ப் வண்டிக்காரர் என்றதும் அவர்கள் கேட்கும் தொகை உங்களைத் திடுக்கிட வைக்கலாம். அந்த எண் தெரியாமல் வண்டி வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

கையிலுள்ள 30,000 டாலரையும் முன்பணமாகக் கொட்டி மாதத் தவணையைக் குறைக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. பழைய வண்டி முதல் ஆறு மாதத்தில் தன் குறைகளைக் காட்டும். யூரியா பம்ப், ஊசி, கிளட்ச், ஒரு தொகுதி டயர் என்று எது வந்தாலும் வண்டி நிற்கும், தவணை நிற்காது. பாதியை முன்பணமாகக் கொடுத்து, பாதியைத் தொடாமல் தனிக்கணக்கில் வையுங்கள். தவணை சற்றுக் கூடினாலும் வண்டியைக் கராஜிலிருந்து மீட்கப் பணம் இருக்கும். அந்தப் பணம் இல்லாததால்தான் பலர் நல்ல வண்டியையே முதல் ஆண்டில் இழந்திருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் செய்யும் வண்டிச் சோதனையின் புதிய ஸ்டிக்கர் இருக்கிறது என்று விற்பவர் சொல்வதை ஒரு சான்றாக எடுக்காதீர்கள். அன்றைய தேதியில் குறைந்தபட்சத் தகுதி இருந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்குக்கு அரைநாள் கூலி கொடுத்து முழுவதும் பார்க்கச் செய்யுங்கள். வண்டிமீது கடன் பதிவாகியிருக்கிறதா என்று வின் இலக்கத்தைக் கொண்டு ஒன்ராறியோ அரசின் பிணையப் பதிவேட்டில் சிறு கட்டணத்தில் தேடலாம். தேடாமல் வாங்கி, பிறகு வேறொருவரின் வங்கி வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனால் முறையிட இடமில்லை. 13 சதவீத எச்.எஸ்.ரி. விற்பனை வரியையும் கணக்கில் சேருங்கள். தொழிலைப் பதிவுசெய்துகொண்டால் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் கொடுக்கும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாகக் காலம். டம்ப் வேலை குளிரில் சுருங்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை சிலர் காப்புறுதியைக் கட்ட முடியாமல் வண்டியை விற்பார்கள், விலையும் இறங்கும். ஏப்ரலில் எல்லோரும் வண்டி தேடுவார்கள், அதே வண்டி பல ஆயிரம் டாலர் ஏறியிருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி உருகி நிலம் இளகியிருப்பதால் பல உள்ளூர்ச் சாலைகளில் ஓர் அச்சுக்கு 5,000 கிலோ என்ற கட்டுப்பாடு வரும், முழுச்சுமை ஏற்ற முடியாது. எனவே ஜனவரியில் வாங்கி, அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தை வண்டியைத் திருத்தவும், ட்ரெயிலரைக் கொளுவித் தூக்கிப் பழகவும் பயன்படுத்தி, மே மாதத்தில் முழு வேலைக்கு இறங்குவதுபோலத் திட்டமிடுங்கள். அந்த இரண்டாவது வண்டிக்காரர் 62,000 என்று கேட்பது இலையுதிர்கால விலை. சேசிஸ் நேராக இருந்து, ஒயில் முடிவும் கணினிப் பதிவும் சுத்தமாக வந்தால், ஜனவரியில் 55,000 என்று சொல்லிப் பாருங்கள். அவர் மெக்கானிக்கிடம் விட மறுத்தால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.